எட்டு எழுத்துக்கு வெளியே

மணி அடித்துவிட்டார்கள், இனி வாயைத் திறந்தாக வேண்டும் என்று எப்சிபா நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, எச்சில் கூட்டி விழுங்கப் பார்த்தால் எச்சில் இல்லை, ஆண்டவரே இது என்ன சோதனை, பாட்டுப் பாடவா கூப்பிட்டார்கள், பிரசங்கம் பண்ணவா, தாளில் இருப்பதை வாசிக்கத்தானே. மத்திகிரி தாண்டி ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே மணல் கொட்டி நிரவின அந்த நீள்சதுரத்தில் இன்னும் பனி முழுசாக விலகவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பலகை வேலி, வேலியைச் சுற்றி எட்டு எழுத்துகள், வாசலில் ஏ, எதிர்க்கோடியில் சி, அந்தக் கோடியில் சாமியானாவுக்குக் கீழே பெங்களூரிலிருந்து வந்த நடுவரம்மா தொப்பி வைத்து உட்கார்ந்திருக்கிறாள். வேலிக்கு வெளியே குதிரை மேல் மகள் எமீமா. குதிரைக்குப் பெயர் கலெக்டர், எவன் வைத்தானோ, அதற்கேற்றாற்போல் அதுவும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காது. சவாரி புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அடுத்து எந்த எழுத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஆள் வெளியே நின்று வாசித்துச் சொல்லலாம், அதற்குப் போட்டி விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் தாளில் உள்ளது மட்டும். அதற்குமேல் பார்த்து என்றோ நிமிரு என்றோ ஒரு சொல் விழுந்தால் மணி அடித்து ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். பழக்குகிற நஸ்ரீன் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "ஆன்ட்டி, நீங்க ரேடியோ. ரேடியோ அழாது, ரேடியோ ஸ்தோத்திரம் சொல்லாது. சரியா?" சரி என்றுதான் தலையாட்டினாள். நேற்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாளே, அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த நாக்கு இப்படி ஒட்டாது. "நாளைக்கு இதை முழுசா முடிக்கலைன்னா இதோட விட்டுர்றேம்மா. எனக்கு எதுவுமே முழுசா வராதுபோல." விட்டுவிட்டு என்ன செய்வாள் என்று எப்சிபா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. சுவர்தான். மறுபடியும் அந்தக் கட்டில், அந்தச் சுவர்.

"ஏ. உள்ளே, ட்ராட்." வந்துவிட்டது சத்தம், தன் சத்தம்தானா, கோழி கொக்கரித்த மாதிரி, ஆனாலும் வந்துவிட்டது, ஸ்தோத்திரம், இல்லை, அது வேண்டாம், ரேடியோ. கலெக்டர் துள்ளு ஓட்டத்தில் நடுக்கோட்டில் ஏறி வருகிறது, கோணலாக இல்லை, கொஞ்சம் கோணல்தான். "எக்ஸ். நிறுத்து, வணக்கம்." எக்ஸ் என்கிற எழுத்து எங்கேயும் எழுதியிருக்காது, நட்ட நடு மணலில் அது இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டும். ஆரம்பத்தில் இது எப்சிபாவுக்குப் புரியவே இல்லை, இல்லாத எழுத்தில் எப்படி நிற்கிறது என்று கேட்டதற்கு நஸ்ரீன், "உங்க சாமியைக் கண்ணால பாத்துட்டா கும்பிடுறீங்க?" என்று சிரித்தாள், அவளுக்கு எல்லாம் சிரிப்பு. மற்ற எட்டு எழுத்தும் ஏபிசிடி வரிசையில் வராது, ஏன் அப்படி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்தாம் வகுப்போடு நின்ற மண்டையில் அது ஏற மாட்டேன் என்றது. கடைசியில் அவள் தன் சனங்களை நிறுத்திக்கொண்டாள். ஏ ஆபிரகாம் மாமா, கே கமலா டீச்சர், ஈ எமி, எச் ஹெலன் சித்தி, சி சபை நடத்துகிற சாலமோன் ஐயர், எம் பாட்டா வீட்டு மேரி, பி பாக்கியம், எஃப் பிலோமினா. சுற்றி இத்தனை பேர் நிற்க நடுவில் பிள்ளை ஓடுகிறாள், விழுந்தால் யாராவது பிடித்துக்கொள்ள மாட்டார்களா. நிறுத்தம் கொஞ்சம் தள்ளி வந்தது, அரையடி, ஒரு அடி. எமி வலது கையைத் தொங்கவிட்டுத் தலை குனிந்து வணக்கம் வைத்தாள். குனிந்த தலை நிமிர்ந்து வர வேண்டும். வந்தது. பாதிதான் வந்தது.

"சி. வலது பக்கம்." முன்னாலேயே சொல்ல வேண்டும், எழுத்து வந்தபின் சொல்லக் கூடாது, அதுதான் வாசிக்கிற ஆளுக்கு முதல் பாடம். குதிரைக்குச் சேதி போய்ச் சேர வேண்டாமா. முதல் வாரமெல்லாம் நஸ்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள், "ஆன்ட்டி, பஸ் போனப்புறம் கை காட்டுறீங்க!" என்று. எப்சிபாவுக்கு எதுவுமே முன்னாலே தெரிந்ததில்லை, அதுதான் அவள் குறை. எட்டாம் மாசத்தில் ஒரு நாள் எமி, "அம்மா, காலைல இருந்து உள்ள அசைவே இல்லம்மா" என்று வந்து நின்றபோதுகூட, "தூங்குதாயிருக்கும், ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடி" என்றாள். சொன்னதில் தப்பில்லை என்று டாக்டரே சொன்னார், அப்போது எதைக் கொண்டும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். "பி. வட்டம், வலது, பெரிசு." வட்டம் போடுகிறாள். பெரிய வட்டத்துக்கு நாலு புள்ளி, நாலிலும் தொட்டுத் தொட்டு வந்தால் வட்டம், ஒன்றில் தவறினாலும் வேறென்னவோ. "எமி, வட்டம் கேட்டா முட்டை போடுற, ஆம்லெட்டாவது போட்டுக் குடு" என்று நஸ்ரீன் கத்துவாள். வட்டம் ஏன் முட்டையாகிறது என்பதையும் அவளே சொன்னாள், கைதான் தப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், கையில் ஒன்றுமில்லை, உட்காருகிற இடத்தில் இருக்கிறது. காது, தோள், இடுப்பு, குதிகால், நாலும் ஒரே கோட்டில் தூக்குநூல் விட்ட மாதிரி நிற்க வேண்டும். எமி இடப்பக்கம் ஒடிந்து உட்காருகிறாள், இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் மடிந்துபோகிறது, கண் கீழே போகிறது, கண் கீழே போனால் குதிரையும் அங்கேதான் போகும். எதைப் பார்க்கிறாயோ அங்கே போவாய், வேறே கணக்கே கிடையாது. அதனால் பயிற்சியில், போகிற திசையில் கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள். எமியும் சொல்லிக்கொண்டே சுற்றினாள், தண்ணித் தொட்டி, சீமைக் கருவை, ரோஜா ஷெட், வைக்கோல், தண்ணித் தொட்டி. மாதக்கணக்கில் வாயே திறக்காத பிள்ளை தண்ணித் தொட்டி தண்ணித் தொட்டி என்று சொல்வதைக் கேட்டு எப்சிபா அன்றைக்குக் கருவை மறைவில் போய் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எதைப் பார்க்கிறாயோ அங்கே போவாய் என்றால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் அத்தனை மாதமும் எங்கே போய்க்கொண்டிருந்தாள், அதுதான் அவளுக்குப் பயம், அதை யாரிடம் கேட்பது. பேறுகாலத்துக்கென்று புருஷன் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தவள், திரும்பிப் போகவில்லை. அவன் ஆரம்பத்தில் போன் பண்ணினான், பிறகு அவன் அம்மா பண்ணினாள், பிறகு யாரும் பண்ணவில்லை. கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பினவள்தான். எப்சிபா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள், உபவாசம், ஐயரைக் கூட்டிவந்து எண்ணெய் பூசி ஜெபம், கட்டில் தலைமாட்டில் முழங்காலில் நின்று விடிய விடிய ஜெபம். ஒரு நாள் சுவரிலிருந்து சத்தம் வந்தது. "அம்மா, எனக்காக ஜெபம் பண்ணாத. மனசுக்குள்ள என்னமும் பண்ணிக்கோ. என் காதுல விழக் கூடாது." அவ்வளவுதான், அன்றோடு வீட்டில் சத்தம் நின்றது. பிள்ளையிடம் சொல்ல அவளுக்கு வேறே வார்த்தை தெரியாது, சாப்பிடு, குளி, லைட்டை அணைக்கவா, அதைத் தவிர ஜெபம்தான் அவளுக்குப் பேச்சு, அதையும் பிடுங்கிக்கொண்டால் ஒரு தாய் என்ன பேசுவாள். "கே எக்ஸ் எம். குறுக்கே, கை மாற்று." இதோ, இதைப் பேசுவாள். மாதங்கள் கழித்து ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆட்டோவில் திரும்பும்போது இந்தத் தோட்டத்து வெளிவேலியோரத்தில் எமி திடீரென்று, "நிறுத்துங்க" என்றாள், ஆட்டோக்காரர் வாந்தி வருகிறதென்று நினைத்து ஓரம் கட்டினார், அவள் இறங்கிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு குதிரைகளைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். அப்புறம் வந்தது எல்லாம், ஏறினது, விழுந்தது, மறுபடி ஏறினது, நஸ்ரீன் அவளைப் பாவம் பார்க்காமல் திட்டினது. "நீ என்ன மகாராணியா, சாக்கு மூட்டையா? மூட்டைகூட நேரா உக்காரும்." திட்டு வாங்கி எமிக்கு உதட்டோரம் ஒருநாள் அசைந்தது. வாசிக்க ஒரு ஆள் வேண்டும் என்று நஸ்ரீன் சொன்னபோது எமி, "அம்மா வாசிப்பாங்க" என்றாள். அன்றுமுதல் பிள்ளையின் காதில் விழச் சத்தமாகச் சொல்ல எப்சிபாவுக்கு வார்த்தை கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக்கூட விட்டுவிட்டு வந்தாள், சாலமோன் ஐயர் வருத்தப்பட்டார், படட்டும். பி, வட்டம். கே எக்ஸ் எம், குறுக்கே. அதையே ஜெபமாகச் சொன்னாள், யாருக்குத் தெரியும், ஆண்டவருக்கு எழுத்து தெரியாதா. குறுக்கே வருகிறாள், நேராக வருகிறாள், நேராக, எக்ஸைத் தாண்டிவிட்டாள், இதுவரை ஒன்றும் முறியவில்லை, முறியவில்லை என்று நினைக்கக் கூடாது, நினைத்தால் முறியும்.

"எம். பிறகு சி தாண்டி நேரே." மூலை. மூலையில் குதிரையை உள்ளே விழவிடாமல் வெளியே தள்ளிப் பிடிக்க வேண்டும், பிடிக்கிறாள், கை மாற்றியாயிற்று, இனி திருப்பமெல்லாம் இடது, இடது கை பக்கம் திரும்பும்போதுதான் அவள் ஒடிவது, இதோ ஒடிகிறாள், இடுப்பில் அந்த மடிப்பு, தோள் சாய்கிறது, எச், ஹெலன் சித்தி தாண்டியாயிற்று. "ஈ. வட்டம், இடது, பெரிசு." எப்சிபா நிற்பது ஈயில்தான், எமியின் எழுத்தில், அவள் இப்போது நேராக இங்கே வருகிறாள், குதிரையின் மூச்சு கேட்கிறது, சேணத்தோல் கிறீச்சிடுவது கேட்கிறது, முகம் தெரிகிறது. கண் கீழே போய்விட்டது. கண்ணோடு முகவாய் நாடியும் போகிறது. நாடி மெல்ல மெல்ல நெஞ்சுக்கு இறங்குகிறது, இறங்கி, உதடு உள்ளே மடிந்து, இதை எப்சிபா பார்த்திருக்கிறாள், குதிரைக்கு வெகு முன்னால், அந்தப் பிரசவ அறையில், பிள்ளையைப் பச்சைத் துணியில் சுற்றி நர்ஸ் கொண்டுவந்து, "பாக்கிறீங்களாம்மா?" என்று கேட்டபோது எமி நாடியை இறக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பார்க்கவில்லை. எப்சிபாதான் பார்த்தாள். வாங்கிக் கையில் வைத்திருந்தாள், கனம் இருந்தது, முழுசாய் இருந்தது, நகம் இருந்தது, முடி இருந்தது, நாடியில் எமிக்கு இருக்கிற அதே குழி, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்துபோன மாவு மாதிரி, அதையும் நெஞ்சோடு இறக்கி வைத்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை, யாரோ திட்டின மாதிரி, அவள் அதை மெல்ல நிமிர்த்தப் பார்த்தாள், நிற்கவில்லை, மறுபடியும் இறங்கினது, மறுபடி நிமிர்த்தினாள், நர்ஸ், "போதும்மா, குடுங்க" என்றாள். ஒருத்தராவது அதை நிமிர்த்தி நேராகப் பார்த்திருக்க வேண்டாமா, பெற்றவள் பார்க்கவில்லையே, தகப்பன் வரவில்லையே, நாடி இறங்குகிறது, இதோ இறங்குகிறது, இறங்கிவிட்டது, இறங்கினால் அதற்கப்புறம் சுவர்தான், ஏசப்பா.

"எமி! நாடியைத் தூக்கு கண்ணு! மேல பாரு!"

மணி அடித்தது. சாமியானாவுக்குள்ளிருந்து அடித்த அந்தச் சின்ன மணி, பள்ளிக்கூட மணிகூட இல்லை, பூஜை மணி அளவுதான் இருக்கும். என்ன சொன்னேன், சொன்னேனா, மனசுக்குள்தானே சொன்னேன். இல்லை, காற்றில் இன்னும் தன் சத்தம் நிற்கிறது, கருவை மரத்துக் காக்கா எழும்பிப் பறக்கிறது. ஒரு வார்த்தையா, தாளில் இல்லாத வார்த்தை எத்தனை கொட்டிவிட்டாள். எமி குதிரையை இழுத்து நிறுத்தியிருந்தாள். நஸ்ரீன் எங்கிருந்தோ ஓடிவந்து, "ஆன்ட்டி! என்ன ஆன்ட்டி இது, பாதிக்கு மேல நல்லா போயிட்டிருந்துச்சே" என்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள், அவள் சிரிக்கவில்லை, அவள் சிரிக்காமல் நிற்பதைப் பார்க்க எப்சிபாவுக்குத் தாங்கவில்லை. நடுவரம்மா எழுந்து வந்தாள். "வெளியேருந்து உதவி. நீக்கியாச்சு. மார்க் கிடையாது. வேணும்னா மிச்சத்த ஓட்டி முடிச்சுக்கட்டும், பழக்கத்துக்கு." பழக்கத்துக்கு. நஸ்ரீன் எமியைப் பார்த்தாள். எமி தன் அம்மாவைப் பார்த்தாளா, குதிரைக் காதைப் பார்த்தாளா, எப்சிபாவால் சொல்ல முடியவில்லை, கண்ணில் தண்ணீர் மறைத்தது. "ஈ" என்று ஆரம்பித்தாள், மறுபடியும், "ஈ. வட்டம்..." எமி லகான் பிடித்த கையை லேசாகத் தூக்கினாள். "வேணாம்மா. நிறுத்து."

நிறுத்தினாள். தாளை மடித்தாள், ஈரக்கையில் மை கரைந்து அவள் எழுதின தமிழெழுத்து எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தது. எமி வாசிக்க ஆளில்லாமல் மிச்சத்தை ஓட்டினாள். அழகாக ஓட்டினாள் என்றால் பொய். வட்டம் முட்டைதான். நாலு புள்ளியில் இரண்டைத்தான் தொட்டாள். ஓரிடத்தில் நடைக்கு வர வேண்டியதை மறந்து எழுத்தைத் தாண்டிப்போய் நின்று யோசித்தாள், கலெக்டர் நின்ற இடத்தில் சாணி போட்டது, நஸ்ரீன் முணுமுணுத்தாள், "கலெக்டர் கையெழுத்துப் போட்டாச்சு." இடுப்பு ஒடிந்தே இருந்தது, நாடி இறங்கியே இருந்தது. எப்சிபா பார்த்துக்கொண்டு நின்றாள், பார்ப்பதைத் தவிர அவளுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கப்படவில்லை. உள்ளுக்குள் ஜெபம் பண்ணலாம் என்று தேடினாள். எப்போதும் ஊற்று மாதிரி வருமே, வாய் மூடியிருந்தாலும் நெஞ்சுக்குழியில் ஓடிக்கொண்டே இருக்குமே, இப்போது ஒன்றுமில்லை, கிணற்றில் வாளி இறக்கினால் தரையில் தட்டுகிற சத்தம்தான். நானே முடித்துவிட்டேன் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முழுசாய் வராது என்றாளே, வந்திருக்கும், முக்கால்வாசி வந்தாயிற்றே, வந்ததைத் தாய் கெடுத்தாள். கடைசி நிறுத்தம். குதிரையின் பின்னங்கால் ஒருபக்கம் விலகி நிற்க, எமி குனிந்து வணக்கம் வைத்தாள். மார்க் கிடையாதென்று தெரிந்தும் நடுவரம்மா எழுந்து நின்று தலையசைத்தாள். யாரோ இரண்டுபேர் கைதட்டி, பாதியில் விட்டார்கள்.

லாயத்துக்குப் பின்னால் குதிரையைக் கழுவுகிற சிமெண்டுத் தரையில் எமி சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். எப்சிபா பத்தடி தள்ளி நின்றாள். பக்கத்தில் போகலாமா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது என்ன சொல்வாள், வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கட்டிலுக்குப் போவாளா, போர்வையைத் துவைத்துப் போட்டிருக்கிறேனே, எடுத்து ஒளித்து வைக்கலாமா, போர்வையை ஒளித்துவைத்தால் தூக்கம் போய்விடுமா, பைத்தியக்காரி. எமி வாளியிலிருந்து தண்ணீரை மோந்து குதிரையின் முதுகில் சேணம் அழுத்தின இடத்தில் ஊற்றினாள், ஆவி பறந்தது. ஊற்றிக்கொண்டே, திரும்பாமல், "நாளைக்கு நீ வராதம்மா" என்றாள்.

"சரிம்மா."

இதைத்தான் எதிர்பார்த்து நின்றாள், வந்தது, வலிக்கக்கூட இல்லை, வந்துவிட்டால் எதுவும் அவ்வளவு வலிக்காதுபோல. வராதே என்றால் இனி குதிரையே இல்லை என்றுதானே, விட்டுவிட்டாள். முடிந்தது. வீட்டுக்காரர் நல்லதாப் போச்சு என்பார், ஆரம்பத்திலிருந்தே அவர் கேட்பது இதுதான், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் குதிரை என்று. எமி இன்னொரு வாளி ஊற்றினாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீ கோயிலுக்குப் போ. நான் ஆறு மணி பஸ்ல வந்துக்கிறேன். இடது பக்க வட்டம் மட்டும் போடணும்னு நஸ்ரீன் சொல்லியிருக்கா. மனப்பாடமா."

எப்சிபாவுக்கு அது உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. வருகிறாள். நாளைக்கு வருகிறாள். தான் இல்லாமல் வருகிறாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, சந்தோஷம் வரும், கொஞ்சம் கழித்து வரும், இப்போது அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. நாளைக்குக் காலையில் எழுந்து சாப்பாடு கட்டிக்கொடுத்து, பிள்ளை பஸ் ஏறினபிறகு சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும், போய்ப் பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் உட்கார வேண்டும், எல்லோரும் கண்ணை மூடுவார்கள், தானும் மூட வேண்டும்.

"கோயிலுக்குப் போயி என்னத்தம்மா சொல்ல?" என்றாள், வாய் தவறி.

எமி திரும்பினாள். முகமெல்லாம் தண்ணீர் தெறித்திருந்தது. "உனக்கா வார்த்தைக்குப் பஞ்சம்?" என்றாள். "மணி அடிச்சும் நிறுத்தாத ஆளு நீ." கேலியா கோபமா என்று கண்டுகொள்ளும்படி அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். எப்சிபா குதிரையோடு நின்றாள். எதையாவது சொல்லித் தொடங்கிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள், ஆண்டவரே என்கிற முதல் வார்த்தைகூட வரவில்லை. குழாயில் தண்ணீர் நிறைகிற சத்தம் கேட்டது. அவள் வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.